என் மனைவி தொலைந்த பொருளாகப் பதிவான விவரம்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். கடிதத்தில் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதை மீற எனக்குத் துணிவில்லை. அவ்விடம் தங்கள் கால் எப்படி இருக்கிறது? ஆயுள் முழுக்க நிலத்தை அளந்தே சம்பளம் வாங்கிய தாங்கள், பல்பு மாற்ற ஏறிய ஏணியில் இறங்குவதற்கு இன்னும் ஒரு படி பாக்கி இருந்ததை மட்டும் அளக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருந்தாலும் அடக்கிக்கொண்டிருப்பேன். இப்போது கட்டைப் பிரித்தாகிவிட்டது, தெருமுனை வரை நடந்து போய் வருகிறீர்கள் என்று அவள் போனில் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. மெதுவாக நடங்கள். ரொம்பவும் மெதுவாக வேண்டாம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அங்கே போன் அடித்தால் எடுப்பது அவள்தான். அவளிடம் சொல்ல முடியாத ஒன்றை அவளைத் தாண்டித் தங்களிடம் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. விஷயம் இதுதான். தங்கள் ஊர் பஸ் நிலையத்தில் நேரம் காட்டும் திரை ஒன்று இருக்கிறதல்லவா, அதில் 'தொலைந்த பொருட்கள்' என்ற தலைப்பின்கீழ்த் தங்கள் தங்கையைப் பார்த்ததாக யாராவது வந்து சொன்னால் பதற வேண்டாம். அவள் தொலையவில்லை. தங்கள் சமையலறையில்தான் இருக்கிறாள். அது சாஃப்ட்வேர் செய்த வேலை. அதாவது, பாதி சாஃப்ட்வேர் செய்தது. மீதி நான்.

பஸ் பணிமனையில் பயணிகள் விட்டுச்செல்லும் பொருட்களைக் காக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளர் என்பது தங்களுக்குத் தெரியும், கல்யாணத்துக்கு முன்பு என்னை விசாரிக்க வந்தபோது, "குடைக்குக் காவல் இருக்கறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று தாங்களே கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரிவுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்று மேலாளருக்கு ஞானோதயம் உண்டாகி, மூன்று பேரைக் கூட்டிவந்து என் அறையில் உட்கார வைத்தார். அவள் தங்களைப் பார்த்துக்கொள்ள "ரெண்டே வாரம்ங்க, போயிட்டு வந்துடறேன்" என்று பஸ் ஏறிப்போன அதே வாரம். மூவரில் தலைவருக்குத் தாடி நெஞ்சு வரை இருக்கும், ஆகையால் தாடி. இரண்டாவது ஆள் ஒரு பெண், காதில் எதையோ மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தட்டச்சு செய்வாள், கூப்பிட்டால் கேட்காது; அவள் பெயர் செவிடி என்று என் கீழ் வேலை பார்க்கும் கிடங்குக்காரர் வைத்தார், நான் ஆதரிக்கவில்லை, ஆனால் நிலைத்துவிட்டது. மூன்றாவதும் ஒரு பெண்தான், அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். மற்ற இருவரும் செய்து முடித்ததை இது வேலை செய்யாது என்று நிரூபிப்பதுதான் அவளுக்கு வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. நம் வீட்டில் முப்பது வருஷமாக ஒருத்தி இதைச் சம்பளமில்லாமல் செய்கிறாள் என்று அவளிடம் சொன்னேன்.

இவர்கள் பின்பற்றுவது அஜைல் முறையாம். ஏதோ மருத்துவ முறை என்று நினைத்தேன். முழுத் திட்டமும் போட்டுக்கொண்டு இறங்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு எது முடியுமோ அதை மட்டும் செய்து, கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு, அடுத்த இரண்டு வாரத்துக்கு மாற்றுவது. அந்த இரண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். ஓட்டம் என்று அர்த்தமாம். ஆனால் எல்லாரும் உட்கார்ந்துகொண்டேதான் ஓடுகிறார்கள். காலையில் கால்மணி நேரம் மட்டும் வட்டமாக நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எது தடையாக இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். முதல் நாள் அவர்கள் நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் கிடங்கிலிருந்து நாற்காலி தூக்கிவந்து போட்டேன். தாடி கையெடுத்துக் கும்பிட்டு, "உட்கார்ந்தா பேச்சு வளரும் சார், அதான் நிக்கறோம்" என்றார். முழுசாகத் திட்டம் போடாமல் வீடு கட்டுவார்களா தம்பி என்று கேட்டேன். "சார், எல்லாத்தையும் யோசிச்சு வருஷக்கணக்கா கட்டிக்கிட்டிருந்தா, கட்டி முடிக்கற நேரத்துல நீங்க வேற ஆளா மாறியிருப்பீங்க. அப்புறம் அந்த வீடு யாருக்கு?" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. சரியான பேச்சாக இருந்ததால் பிடிக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் முடிந்து அவர்கள் கொடுத்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும், மச்சான். வெள்ளைப் பக்கம். அதில் இரண்டே கட்டம். 'என்ன தொலைந்தது?' 'எங்கே?' கீழே ஒரு பட்டன். அவ்வளவுதான். அன்றைக்கே ஒருவர் வந்து புல்லாங்குழல் என்று தட்டினார், கிடங்குக்காரர் எடுத்துவந்து கொடுத்தார், அந்த மனிதர் வாங்கின கையோடு அங்கேயே நின்று வாசித்துவிட்டுப் போனார். நான் தாடியிடம், "தம்பி, இத்தோட நிறுத்திக்கலாமே" என்றேன். அன்று மாலை இதைச் சொல்லச் சந்தோஷமாக அவளுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணனுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கலைங்க. இன்னும் ரெண்டு வாரம்" என்றாள்.

அதற்கப்புறம் எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு செய்தி வந்தது. அவளிடமிருந்து ஒன்று, தாடியிடமிருந்து ஒன்று. அவள் செய்தி மாறாது. தாடியின் சாஃப்ட்வேர் மாறிக்கொண்டே இருந்தது. குற்றம் என்னுடையதும்தான், இந்த முறையில் உபயோகிப்பவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதம். கறுப்புக் குடை எல்லாம் ஒரே மாதிரி இருந்து தொலைக்கிறதே என்று பொதுவாக அலுத்துக்கொண்டேன், அடுத்த இரண்டு வாரச் சுற்றில் 'கைப்பிடி: வளைந்தது, நேரானது' என்று ஒரு கட்டம் முளைத்தது. அதை நிரப்பாவிட்டால் பக்கம் நகராது. பல்செட்டைத் தொலைத்தவரும் கைப்பிடி வளைந்ததா நேரானதா என்று சொல்லியாக வேண்டும். அவர் பல் இல்லாமல் என்னைத் திட்டியது எனக்குப் புரியவில்லை, சந்தேகத்துக்குப் புரிந்தது, குறித்துக்கொண்டாள். மோதிரத்தைத் தொலைத்தவர் சும்மா இருக்கிறார், கிழிந்த துணிப்பையைத் தொலைத்த அம்மாள் அழுகிறாள், இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்கே தெரியப் போகிறது என்றேன். 'இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? விவரிக்கவும்' என்று ஒரு கட்டம் வந்தது. ரொம்ப நாள் காத்திருக்கிறவர்களை நாம் மறந்துவிடுகிறோம் என்றேன். நாள்பட்ட பதிவு தானாக மேலே ஏறி உட்காரும்படி செய்தார்கள். பிறகு எல்லா ஊர் பஸ் நிலையத்துத் திரைகளோடும் இதை இணைத்தார்கள். நடுவில் ஒரு சுற்று முழுக்க எதுவுமே மாறவில்லை. என்னப்பா தூங்கிவிட்டீர்களா என்றால், "உள்ளே சுத்தம் பண்ணினோம் சார். அவசரத்துக்கு ஒட்டுப் போட்டதெல்லாம் சேர்ந்து போச்சு. இப்ப பிரிச்சுத் தைக்கலைன்னா அப்புறம் எங்க தொட்டாலும் கிழியும்" என்றார் தாடி. வெளியே தெரியாத வேலைக்கு இரண்டு வாரம்! இதையும் அவளிடம் சொன்னேன். "நல்ல பிள்ளைங்களா இருக்காங்களே" என்றாள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகார் இல்லை, தகவலுக்காக. எனக்குச் சமைக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும், எதுவும் நின்றுவிடவில்லை. ஆனால் காலையில் பல் துலக்கிவிட்டுச் சமையலறையில் நின்றால், "ஏங்க" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அந்த நேரம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. முப்பது வருஷமாக அந்த "ஏங்க"வுக்கு அப்புறம் வந்தது எல்லாமே வேலைதான். கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, பக்கத்து வீட்டில் சத்தம் போடுகிறார்கள் போய்க் கேளுங்கள். இப்போது குழாய் ஒழுகுகிறது, சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஒரு நாள் விளையாட்டாக, அந்தப் பிள்ளைகளைப் போலவே நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன் என்று ஃபிரிட்ஜைப் பார்த்து உரக்கச் சொன்னேன். எது தடையாக இருக்கிறது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஃபிரிட்ஜ் கர்ரென்று ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சந்தேகம் என் மேசைக்கு வந்து, "சார், புதுசா மாத்தியிருக்கோம். நீங்களே ஒரு பதிவு போட்டுப் பாருங்க, இது சோதனைப் பக்கம்தான்" என்றாள். நான் 'அ ஆ இ ஈ' என்று தட்டினேன். "அப்படிப் போட்டா தப்பு வெளியே வராது சார். நிஜமாவே எதையோ தொலைச்ச மாதிரி போடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். நான் எதையும் தொலைக்கிற ஆள் இல்லை, உத்தியோகம் அப்படி. கை தானாகப் போய், என்ன தொலைந்தது என்ற கட்டத்தில் மனைவி என்று தட்டியது. எங்கே? ஆறாம் நடைமேடை, ஜன்னலோர இருக்கை. நிறம் என்று கேட்டது. இருந்த பட்டியலில் எதுவும் பொருந்தவில்லை, பல வண்ணம் என்று போட்டேன். நிலைமை: நல்ல நிலை. கைப்பிடி: நேரானது. வேறு வழியில்லை, மச்சான், பக்கம் நகராது. அடையாளம்: சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் மூடிக்கொள்ளும், பஸ் கிளம்பினால் திருப்பம் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், அவள் கிளம்பிய அன்று மேலே வைத்த பை விழுந்துகொண்டே இருந்ததால் பார்க்கவில்லை. எவ்வளவு முக்கியம், விவரிக்கவும் என்று கேட்டது. வீட்டில் சத்தமே இல்லை என்று மட்டும் எழுதிப் பட்டனை அழுத்தினேன்.

அது சோதனைப் பக்கம் இல்லை. நிஜப் பக்கம். இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. முன்பெல்லாம் சோதனைப் பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை ஒன்று இருக்கும், கண்ணை உறுத்துகிறது என்று கிடங்குக்காரர் சொன்னார் என்பதற்காகப் போன சுற்றில் எடுத்துவிட்டார்கள். பட்டனை அழுத்தியதும் ஒரு டிங். 'மகிழ்ச்சியான செய்தி! நீங்கள் தேடும் பொருளோடு பெரிதும் ஒத்துப்போகும் பொருள் எங்கள் கிடங்கில் உள்ளது.' எழுந்து கிடங்குக்குப் போனேன். கிடங்குக்காரர் அலமாரி எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பல வண்ணக் குடை. நல்ல நிலை. நேரான கைப்பிடி.

அவ்வளவோடு போயிருந்தால் தேவலை. கொஞ்ச நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. பஸ் நிலையத்துத் திரைகளில் எல்லாம் என் பெயரோடும் அந்த அடையாளத்தோடும் வந்துவிட்டது. கண்டக்டர்களுக்கு ஊர்ப்பட்ட உற்சாகம். ஒருவர், "சார், அம்மா மட்டும்தானா, மாமியாருக்கும் பதிவு போடலாமா? தொலைக்கணும்னுதான்" என்றார். இன்னொருவர் சத்தியமான மனுஷன், குசுகுசுவென்று பேசினார். "சார், நீங்க போட்ட அடையாளத்தோட ஒருத்தங்க என் பஸ்ல இருக்காங்க. போன்ல யார்கிட்டயோ பேசிச் சிரிக்கறாங்க, ஒரு கண்ணு மூடிக்குது. இறக்கி விட்டுடவா?"

அவள் தங்கள் வீட்டில் இருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், மச்சான். நன்றாகத் தெரிந்துகொண்டே, "ஜன்னலோரமாவா உட்கார்ந்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஆமா சார்."

"எந்தப் பக்கமா போகுது பஸ்?"

அவர் சொன்னார். எங்கள் ஊருக்கு நேர் எதிர்த் திசை.

"வேண்டாம்பா, இறக்கிடாதீங்க. அவங்க யாரோ, அவங்க வீட்டுக்குப் போயிட்டிருப்பாங்க. ஜன்னல் சரியா மூடுதான்னு மட்டும் பாத்துக்கோங்க, காத்து அடிக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதிரே சந்தேகம் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். எதையும் கேட்டுத் துளைக்கிற பெண், டம்ளரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார். "யோவ், பொண்டாட்டியக் கொண்டுபோய்க் குடைக்கும் டிபன்பாக்ஸுக்கும் நடுவுல போட்டிருக்கியே" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதுகூடப் பரவாயில்லை. அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளைகள் சுற்று முடிகிற கூட்டம் போட்டார்கள். சுவரில் வண்ண வண்ணச் சீட்டு ஒட்டி, எது நன்றாகப் போயிற்று, எது போகவில்லை, எதை மாற்றலாம் என்று பேசுவார்கள். என் பதிவு அங்கே ஒரு சிவப்புச் சீட்டாக ஒட்டியிருந்தது. என்னைத் திட்டுங்கள் என்று போய் நின்றேன். தாடி, "யார் பண்ணினாங்கன்னு நாங்க கேக்கறதில்ல சார். எப்படி நடந்துச்சுன்னு மட்டும்தான் கேப்போம்" என்றார். அப்போது செவிடி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். நான் பார்த்து அவள் கழற்றியது அதுதான் முதல் தடவை. "சார், அந்தக் கடைசிக் கட்டத்துல இதுவரைக்கும் யாரும் உருப்படியா எதுவும் எழுதினதில்ல. எடுத்துடலாம்னு இருந்தோம். இப்ப எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றாள்.

எனக்கு என்ன தோன்றியதோ, தாடியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த முதல் பக்கம், இரண்டே கட்டம் இருந்ததே, அது இப்போது எங்கே என்று கேட்டேன். அந்த இரண்டு கேள்வியைத் தவிர அதில் இருந்த எதுவுமே இன்றைக்கு இருப்பதில் இல்லை. சாவி மாற்றி, பூட்டு மாற்றி, கதவும் மாற்றின வீடு மாதிரி. "எல்லாம் பத்திரமா இருக்கு சார். எந்த நாளுக்கு வேணும்னாலும் திரும்பிப் போய்ப் பாக்கலாம்" என்று இரண்டு தட்டுத் தட்டி எடுத்து வைத்தார். அதே வெள்ளைப் பக்கம். 'என்ன தொலைந்தது?' 'எங்கே?' இதையே திரும்பவும் ஓட்ட முடியுமா என்றேன். தலையை ஆட்டினார். "பாக்கலாம் சார், ஓட்ட முடியாது. அதுக்கப்புறம் எவ்வளவோ வந்து சேர்ந்துடுச்சு. அதெல்லாம் இதுல அடங்காது." கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் தாங்கள் விசாரிக்க வந்த நாள் நினைவுக்கு வந்தது. பேசி முடித்துக் கிளம்பும்போது, தங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு கண்ணை மூடிச் சிரித்தாள் ஒருத்தி.

ஆக, இப்போதைய நிலவரம் இது. பதிவை அழிக்க இந்த சாஃப்ட்வேரில் வசதி இல்லை. அது செய்ய வேண்டியவற்றின் வரிசையில் இருக்கிறதாம், ஒவ்வொரு சுற்றிலும் அதைவிட அவசரமாக ஏதாவது வந்துவிடுகிறதாம். பதிவை முடித்துவைக்க ஒரே வழி, 'பொருள் உரியவரிடம் சேர்ந்தது' என்ற பட்டன். அதற்குப் பொருளும் உரியவரும் நேரில் வந்து, என் அறைக் கவுன்டர் முன்னால் சேர்ந்து நின்று, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். அது வரைக்கும் நாள் ஆக ஆகப் பதிவு மேலே ஏறும். தங்கள் ஊர்த் திரையில் இப்போதே மூன்றாவது வரியில் இருக்கிறது என்று கேள்வி. குடும்ப கௌரவத்தை உத்தேசித்தும், பணிமனையின் நிர்வாக நலனை உத்தேசித்தும், தங்கள் தங்கையைக் கூடிய சீக்கிரம் பஸ் ஏற்றி அனுப்பிவைக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன். இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க அலுவலகத் தேவை.

தங்கள் கால் பரிபூரண குணமடைந்து, ஏணிகளைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் ஏறி வாழ்வில் மேன்மேலும் உயரப் பிரார்த்திக்கும்,

தங்கள் தங்கையின் கணவன்,
பொறுப்பாளர், தொலைந்த பொருள் பிரிவு.

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் அவள் போன் செய்தாள். காய்கறி வாங்கப் போனவள் திரையைப் பார்த்துவிட்டாளாம். என்ன சொல்லப் போகிறாளோ என்று உறையைக் கீழே வைத்தேன். முதலில் காய்கறி விலையைச் சொன்னாள். பிறகு, "ஏங்க, நான் வந்துடட்டுமா?" என்று கேட்டாள். இந்த ஒரு கேள்விக்குத்தானே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்? ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா, மச்சான்? "எனக்கென்ன, இங்க ஒரு குறையும் இல்லை. அண்ணனுக்கு நல்லா குணமாகட்டும். நீ இருந்துட்டு மெதுவா வா." சரி என்று வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று உட்கார்ந்து யோசித்தேன், விளங்கவில்லை. எப்படி நடந்தது என்றும் விளங்கவில்லை. ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் எழுதாததாகவே பாவிக்கவும். அவளை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தையும் அவளிடம் காட்ட வேண்டாம். ஆனால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பெட்டியில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். பெருக்குகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி எங்கேயாவது, சும்மா, மறந்து வைத்துவிடுங்கள்.